கரிசல் இலையும் இதயத் துடிப்பும்

ஜெர்மனியிலும் ஜப்பானிலும் மலச்சிக்கல் மருந்து செய்கிறவர்கள் வாங்கும் ஒரு காய்ந்த இலைக்கு உலகச் சந்தையில் 'டின்னவேலி சென்னா' என்று பெயர். நமக்கு அது நிலவாகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய திருநெல்வேலிச் சீமையில் பயிராகி, தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறிய இலை என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1986 அக்டோபரில் தூத்துக்குடி தனி மாவட்டமான பிறகும் வணிகர்களின் கணக்கில் அது டின்னவேலி இலைதான். விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி, சாத்தூர் என்று விரியும் கரிசல் பூமிக்கு ஏற்ற செடி அது. கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் போல இதுவும் மானாவாரிப் பயிர். கரிசல் மண் பிடித்துவைத்திருக்கும் ஈரத்திலேயே வளர்ந்துவிடும். இலையைக் கையால் உருவி, பச்சை நிறம் போகாதபடி நிழலில் உலர்த்தி, தூசும் காம்பும் நீக்கி மூட்டை கட்டுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இந்தச் செடி இடம்பெற்றிருக்கிறது.

இந்த அத்தியாயத்தின் பொருள் இதயமும் ரத்த ஓட்டமும். டாக்டர் எழுதித் தரும் மாத்திரைகளோடு சேர்த்து நம் மக்கள் எடுத்துக்கொள்ளும் மூலிகை, எண்ணெய், உப்பு, யோகம் ஆகியவற்றைப் பற்றிப் பேசப்போகிறோம். அப்படியிருக்க மலமிளக்கும் இலையில் தொடங்கக் காரணம் உண்டு. மருதம்பட்டையை எடுத்துக்கொள்பவர் அதை இதயத்துக்கென்று தெரிந்தே எடுக்கிறார். நிலவாகையை வயிற்றுக்கென்று எடுக்கிறார். அது இதயம் வரை போகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எழுபது வயது கடந்த ஒரு சம்சாரியை நினைத்துக்கொள்ளுங்கள். இதயத்தின் தசை தளர்ந்து, காலில் நீர் கோத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரியில் நீர் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதன் பெயர் ஃபியூரோசமைடு. துடிப்பை நிதானப்படுத்த டிஜாக்சின் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவும் சொல்லியிருக்கிறார்கள். நீர் மாத்திரை உடம்பின் நீரை இறக்குகிறது, குடிப்பதும் குறைந்துவிட்டது, காட்டுக்கு நடந்துபோவதும் நின்றுவிட்டது. வயிறு கட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? இதயம் பலவீனமானவர் முக்கக் கூடாது என்று டாக்டரே எச்சரித்திருக்கிறார். ஆகவே அவர் நாட்டு மருந்துக் கடையில் நிலவாகைச் சூரணம் வாங்கி, ராத்திரி வெந்நீரில் கலக்கிக் குடித்துவிட்டுப் படுக்கிறார். காலையில் வயிறு இலகுவாகிறது. நல்லதாகப் படுகிறது, தினமும் குடிக்கத் தொடங்குகிறார்.

அவர் எடுத்த முடிவுகளைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் தப்பு சொல்ல முடியாது. சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்து தெரியும்.

நிலவாகையின் சத்து சென்னோசைடு என்ற வேதிப்பொருள். அது சிறுகுடலில் பெரிதாக உறிஞ்சப்படுவதில்லை. அப்படியே இறங்கிப் பெருங்குடலை அடைந்ததும் அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்து, குடலைத் தூண்டும் வேறொரு பொருளாக மாற்றுகின்றன. ராத்திரி குடித்தால் காலையில் வேலை செய்வதற்கு இதுதான் காரணம். பயணம் ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை எடுக்கும். தூண்டப்பட்ட குடல் வேகமாக அசைகிறது, வழக்கமாக உறிஞ்சும் நீரையும் உப்புகளையும் உறிஞ்சாமல் விடுகிறது. வெளியேறுகிற நீரோடு பொட்டாசியமும் போய்விடுகிறது. என்றைக்கோ ஒருநாள் என்றால் உடம்பு ஈடுகட்டிக்கொள்ளும். வாரக்கணக்கில் தினந்தோறும் போனால் ஈடுகட்டுவது சிரமம். நம் சம்சாரிக்கோ நீர் மாத்திரையும் சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தை இறக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு மடையும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கண்மாய் நிலைமை அவர் உடம்புக்கு.

பொட்டாசியம் இல்லாமல் இதயம் சீராகத் துடிக்காது. உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் நூற்றில் 98 பங்கு செல்களுக்குள்ளேயே இருக்கிறது. ரத்தத்தில் மிதப்பது சொற்பம், லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருந்தால் சரியான அளவு. அந்தச் சொற்பம் சற்றே ஏறினாலும் இறங்கினாலும் இதயத்தின் மின்னோட்டம் குழம்பும். ஒவ்வொரு செல்லின் சுவரிலும் ஒரு புரத எந்திரம் ஓயாமல் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ 1957இல் நண்டின் நரம்பில் இதைக் கண்டறிந்தார். நாற்பது ஆண்டு கழித்து 1997இல் நோபல் பரிசு வந்தது. ஒரு துடிப்பு முடிந்து அடுத்த துடிப்புக்கு இதயம் தயாராவது இந்த எந்திரத்தின் உழைப்பால்தான்.

டிஜாக்சின் போய் உட்காருவதும் இதே எந்திரத்தில். எந்திரத்தை ஓரளவு மந்தப்படுத்தி, அதன்மூலம் இதயத்தசை அழுத்தமாகச் சுருங்க வழிசெய்வது அதன் வேலை. உட்காரும் இடத்துக்குப் பொட்டாசியமும் போட்டியிடும். ரத்தத்தில் பொட்டாசியம் போதுமான அளவு இருந்தால் டிஜாக்சின் அளவோடு நிற்கும். பொட்டாசியம் குறைந்தால் போட்டி குறைந்து, டிஜாக்சின் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். மாத்திரையின் அளவை யாரும் கூட்டவில்லை. ஆனாலும் நேற்று மருந்தாக இருந்த அளவு இன்று நஞ்சாகிறது. பசி போகும், குமட்டும், சிலருக்குப் பார்வையில் மஞ்சள் படரும், நாடி தாறுமாறாக ஓடும். குமட்டலைப் பார்த்து 'பித்தம் ஏறிவிட்டது, ஒரு பேதிக்குக் குடித்தால் சரியாகும்' என்று வீட்டில் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இது டாக்டருக்கு ஏன் தெரிவதில்லை? "வேற எதும் மருந்து சாப்பிடுறீங்களா, அய்யா?" என்று அவர் கேட்கத்தான் செய்கிறார். "இல்லம்மா, நீங்க குடுத்ததுதான்" என்று பதில் வருகிறது. பெரியவர் பொய் சொல்லவில்லை. சூரணம் அவருக்கு மருந்துக் கணக்கில் வருவதில்லை. சுக்குக் காப்பி போல, ரசம் போல அதுவும் வீட்டுச் சங்கதி. "ராத்திரி படுக்கப்போகையில என்ன குடிப்பீங்க? வயித்துக்கு என்ன எடுத்துக்குவீங்க, அய்யா?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும். டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் இந்த ஒரு கேள்விதான். நோயாளியின் குடும்பத்தாருக்கு வேண்டுகோள், அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள் என்பது.

சித்த மருத்துவத்தைக் குறை சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தேரையரின் பிணியணுகா விதி பேதி மருந்துக்குச் சொல்லும் இடைவெளி நாலு மாதம். ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் இதே இலைக்குச் சொல்லும் அறிவுரை, மருத்துவரைக் கேட்காமல் ஒரு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம் என்பது. வழி வேறானாலும் இரண்டு மரபும் வந்து சேரும் இடம் ஒன்று: வலுவான இலை, அளவோடு எடு. தினமும் எடுத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு எந்த மரபிலும் ஆதாரம் இல்லை. மலச்சிக்கல் தீராத இதய நோயாளிக்கு வேறு வழிகள் உள்ளன. தண்ணீர் அளவு, நார்ச்சத்து, மிதமான மருந்து எது பொருந்தும் என்று அவருடைய டாக்டர் பார்த்துச் சொல்ல முடியும்.

டிஜாக்சினின் பிறப்பே ஒரு கை வைத்தியத்தில்தான். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உடம்பு வீக்கத்துக்கு ஒரு மூதாட்டி இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகளைச் சேர்த்து ரகசியக் கலவை கொடுத்துவந்தார். டாக்டர்கள் கைவிட்ட சிலருக்கும் அதில் வீக்கம் வடிந்தது. வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் அதைப் புறந்தள்ளவும் இல்லை, அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. கலவையில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியின் இலைதான் என்று ஊகித்தார். எந்தப் பருவத்தில் பறித்த இலை, எவ்வளவு கொடுத்தால் குணம், எவ்வளவில் வாந்தி, எவ்வளவில் நாடி விழுகிறது என்று நோயாளி நோயாளியாகக் குறித்துவைத்து 1785இல் புத்தகமாக வெளியிட்டார். சரிப்பட்டுவராத நோயாளிகளின் கதைகளையும் அதில் எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். நம் கரிசலில் வேலியோரம் நிற்கும் அரளியிலும், தரிசில் தானாக முளைக்கும் எருக்கிலும் இதே குடும்பத்து இதய நஞ்சுகள் இருக்கின்றன. 'செடிதானே, என்ன செய்துவிடும்' என்ற பேச்சுக்கு ஊர் வேலியே பதில் சொல்லும்.

நிலவாகைக்கு ஒரு கூட்டாளி உண்டு, அதிமதுரம். இருமலுக்கும் தொண்டைக் கட்டுக்கும் அதை வாயில் போட்டு மெல்லாத வீடு இல்லை. இசைக்கலைஞர் விளாத்திகுளம் சுவாமிகளின் ஊரில், பாடுகிறவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையே இல்லை. அதன் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதியைத் தடுக்கிறது. தடைபட்டதும் கார்ட்டிசோல், உப்பைத் தேக்கும் இன்னொரு ஹார்மோனின் வேலையைத் தானே செய்யத் தொடங்குகிறது. உடம்பில் சோடியமும் நீரும் தங்குகின்றன, பொட்டாசியம் வெளியேறுகிறது, ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. இரண்டு நாள் இருமலுக்கு ஒரு துண்டு மெல்வதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் இறங்காத ஒருவர் மாதக்கணக்கில் அதிமதுரப் பொடி சாப்பிட்டுவந்தால், கூட்ட வேண்டியது மாத்திரையை அல்ல, நிறுத்த வேண்டியது பொடியை.

பொட்டாசியம் குறைவதைப் பற்றியே பேசிவந்தோம். மறுபக்கமும் ஒரு கிடங்கு இருக்கிறது. அதற்கு உப்பின் வழியாகப் போவோம், நாம் இருப்பதும் உப்பு விளையும் சீமை. வேம்பாரிலிருந்து தூத்துக்குடிக்கும் தெற்கே வரை கடலோரம் உப்பளங்கள். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது. நம் சாப்பாட்டில் அதைவிட மிக அதிகம். ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய், அப்பளம் என்று கரிசல் சாப்பாட்டில் தொட்டுக்கொள்வதெல்லாம் உப்பில் ஊறியவை. இந்தக் கவலையில் பலர் இந்துப்புக்கு மாறியிருக்கிறார்கள். 'இந்துப்பு பிரஷரை ஏற்றாது' என்ற நம்பிக்கை ஊரெங்கும் பரவியிருக்கிறது. அது உண்மையில்லை. இந்துப்பில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் சோடியம் குளோரைடுதான். உப்பளத்து உப்பில் இருக்கும் அதே பொருள். மீதியிலுள்ள தாதுக்கள் நிறம் தருமே தவிர, ரத்தக்கொதிப்பைத் தணிக்கப் போதாது. அதிகப் பணம் கொடுத்து வாங்கி, 'இது நல்ல உப்பு' என்று ஒரு சிட்டிகை கூடப் போட்டுக்கொண்டால் நட்டம் இரட்டிப்பு.

உப்பை மாற்றிப் பயன் கண்ட பெரிய ஆய்வு ஒன்று உண்டு. சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்தது, 2021இல் வெளியானது. அவர்கள் பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைத் தாண்டிய ரத்தக்கொதிப்புக்காரர்கள். பாதிக் கிராமங்களுக்கு முக்கால் பங்கு சோடியம் குளோரைடும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். சுமார் ஐந்தாண்டு முடிவில் அந்தக் கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, சாவும் குறைந்தது. சமையலறை உப்பை மாற்றியதில் கிடைத்த பலன் இது. மூலிகைகள் எதிலும் இவ்வளவு தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. ஆனால் கடுமையான சிறுநீரக நோயாளிகளையும் பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரை எடுப்பவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. காரணம் உண்டு. சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கும். ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் மாத்திரையும், டெல்மிசார்டன், எனலாபிரில் போன்ற பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும். இந்த மாத்திரைகளோடு சிறுநீரகக் கோளாறும் உள்ள ஒருவர், கோடை வெயிலுக்கு இதம் என்று தினமும் இரண்டு மூன்று இளநீர் குடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றேவிடலாம். நிலவாகை ஒருபக்கம் தள்ளுகிறது, இளநீர் மறுபக்கம் தள்ளுகிறது. ஒருவருக்கு அமிர்தமானது பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆகாமல் போவது இப்படித்தான். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்பதை ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை காட்டிவிடும்.

இனி, இதயத்துக்கென்றே எடுக்கும் மூலிகைகளுக்கு வருவோம். இந்தியாவின் பெருமைக்குரிய கதை சர்ப்பகந்தியுடையது. அதன் வேரைப் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்துவந்தார்கள். 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அது ரத்தக்கொதிப்பை இறக்குவதை எழுதினார்கள். அதே ஆண்டில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி வேரிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து, தன்னை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரால் அஜ்மலைன் என்று பெயரிட்டார். 1949இல் பம்பாயைச் சேர்ந்த இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளுக்கு இந்த வேரைக் கொடுத்துக் கண்ட முடிவுகளைப் பிரிட்டிஷ் இதய இதழில் வெளியிட்டார். அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தில் ரிசெர்பைன் பிரித்தெடுக்கப்பட்டது. ரத்தக்கொதிப்புக்கு நல்ல மருந்தே இல்லாத காலத்தில் உலகெங்கும் லட்சக்கணக்கானோர் அதை விழுங்கினார்கள்.

ரிசெர்பைன் நரம்பு முனைகளில் சேமித்துவைத்திருக்கும் நார்அட்ரினலினைக் காலிசெய்கிறது. ரத்தக் குழாய்கள் தளர்கின்றன, அழுத்தம் இறங்குகிறது. மூளையிலும் அதே வேலையைச் செய்வதால், அதிக அளவு எடுத்த சிலர் கடும் மனச்சோர்வில் விழுந்தார்கள். மேலும் பாதுகாப்பான மாத்திரைகள் வந்ததும் அதன் புழக்கம் குறைந்தது. அஜ்மலைன் மட்டும் இன்றும் சில நாட்டு ஆஸ்பத்திரிகளில், மறைந்திருக்கும் ஒருவகை இதயத்துடிப்புக் கோளாறைக் கண்டறியும் சோதனை மருந்தாக இருக்கிறது. காட்டிலிருந்த சர்ப்பகந்தியைத் தோண்டித் தோண்டித் தீர்த்ததால், பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பட்டியலில் அதைச் சேர்க்க வேண்டிவந்தது. இன்று யாராவது அதே வேர்ப்பொடியை 'பிரஷருக்கு இயற்கை மருந்து' என்று விற்றால் வாங்காதீர்கள். வேருக்கு வேர் சத்தின் அளவு மாறும். உங்கள் பிரஷர் மாத்திரையோடு சேர்ந்து அழுத்தத்தை எவ்வளவு இறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மருதம்பட்டையின் கதை இன்னும் முடியவில்லை. மருதம் ஆற்றங்கரை மரம். கரிசலில் அதைப் பார்ப்பது அரிது, தாமிரபரணிக் கரைக்குப் போக வேண்டும். பட்டைக் கஷாயம் இதயத்துக்கு நல்லது என்பது மிகப் பழைய நம்பிக்கை. 1990களில் இந்திய டாக்டர்கள் சிறு குழுக்களில் செய்த ஆய்வுகள் நம்பிக்கை ஊட்டின. ஆனால் அவற்றில் நோயாளிகள் கைவிரலில் எண்ணும் அளவுக்கே இருந்தார்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இதயத்தசை தளர்ந்த ஏறத்தாழ நூறு பேரிடம் இதை முறையாகச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிக்குப் பட்டைச் சாறு, மறுபாதிக்கு அதைப் போலவே தோன்றும் வெற்று மருந்து, யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எல்லோரும் வழக்கமான மாத்திரைகளைத் தொடர்ந்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் கூடவில்லை. ஆகவே மருதம்பட்டையை நம்பி மாத்திரையை நிறுத்துவதற்கு இடமே இல்லை. நம் மண்ணின் மரத்தை நம் ஆஸ்பத்திரியிலேயே நம் டாக்டர்கள் சோதித்து, எதிர்பார்த்தது கிடைக்காதபோதும் மறைக்காமல் எழுதியதை நான் மரபுக்குச் செய்த மரியாதையாகவே பார்க்கிறேன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இயங்குகிறது. இப்படிப்பட்ட ஆய்வுகள் அங்கேயும் பெரிய அளவில் நடக்க வேண்டும், அதற்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை.

நல்லெண்ணெயைப் பற்றிச் சுருக்கமாக. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், ரத்தக்கொதிப்புக்கு ஏற்கெனவே மாத்திரை எடுத்துவந்த 50 பேர் 45 நாள் சமையலுக்கு நல்லெண்ணெய் மட்டும் பயன்படுத்தினார்கள். அழுத்தம் இறங்கியது, பழைய எண்ணெய்க்குத் திரும்பியதும் மறுபடி ஏறியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு எண்ணெய்க் குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதை வைத்துக்கொண்டு பெரிதாகப் பேச முடியாது. மாத்திரையை விடாமல், ஏற்கெனவே ஊற்றும் எண்ணெய்க்குப் பதிலாக நல்லெண்ணெய் ஊற்றுவதில் தீங்கு எதுவும் இல்லை. கூடுதலாக ஊற்றினால் எடைதான் கூடும். பூண்டும் இப்படித்தான்: அழுத்தத்தைச் சற்றே இறக்கும் என்பதற்குச் சில சான்றுகள் உள்ளன, குழம்பில் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். ஆனால் பூண்டு மாத்திரைகள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியவை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்களும், செயற்கை வால்வு பொருத்தி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் அதைத் தொடக் கூடாது. வால்வுக்காரர்கள் கீரையை அடியோடு விட்டுவிடுவதையும் பார்க்கிறேன், அதற்கு அவசியமில்லை. முருங்கைக் கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேகத்தைக் குறைப்பது உண்மை. ஒரு வாரம் நாள்தோறும் கீரை, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்று ஏறி இறங்குவதுதான் கெடுதல். வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால், மாத்திரையின் அளவை அதற்கேற்ப டாக்டர் சரிசெய்துகொள்வார்.

உலோகம் சேர்ந்த மருந்துகளில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் நகர இந்தியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் ரத்தக்கொதிப்பை ஏற்றும் என்பது ஐயத்துக்கிடமில்லாத உண்மை. லேபிளில் உரிம எண்ணும் தயாரித்தவர் முகவரியும் இல்லாத பொட்டலத்தைப் பட்டம் பெற்ற எந்தச் சித்த மருத்துவரும் பரிந்துரைக்க மாட்டார்.

யோகத்தைச் சோதித்த மிகப் பெரிய ஆய்வு இந்தியாவில்தான் நடந்தது. மாரடைப்பு வந்து பிழைத்த 3,959 பேர், 24 ஆஸ்பத்திரிகள். பாதிப் பேருக்கு மூன்று மாதத்தில் 13 யோக வகுப்புகளும் வீட்டில் செய்யப் பயிற்சியும், மறுபாதிக்கு வழக்கமான அறிவுரைகள். 2020இல் வந்த முடிவின்படி மறுபடியும் மாரடைப்பு, பக்கவாதம், சாவு போன்றவை யோகக் குழுவில் 131 பேருக்கும் மற்றக் குழுவில் 146 பேருக்கும் நேர்ந்தன. எண்ணிக்கை சற்றுக் குறைவுதான். ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால் யோகம் உயிர் காக்கிறது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. உறுதியாகத் தெரிந்தது வேறொன்று: யோகம் செய்தவர்கள் தங்கள் உடல்நிலையைச் சற்று மேம்பட்டதாக உணர்ந்தார்கள், மாரடைப்புக்கு முன் செய்துவந்த வேலைகளுக்குக் கூடுதலாகத் திரும்பினார்கள். மாரடைப்பு வந்துபோன பிறகு பயந்து திண்ணையிலேயே முடங்கிப்போகும் மனிதர்களைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். உடற்பயிற்சிக் கருவிகளோடு இதய மறுவாழ்வு மையம் வைக்க வசதியில்லாத ஊர்களுக்கு, ஒரு பாயும் ஒரு பயிற்றுநரும் போதும் என்பது நல்ல செய்தி. மாத்திரை மட்டும் தொடர வேண்டும். அந்த ஆய்வில் யோகக் குழுவினரும் மாத்திரை எடுத்துக்கொண்டவர்கள்தான்.

'பைபாஸ் வேண்டாம், ஊசியிலேயே அடைப்பைக் கரைக்கிறோம்' என்ற விளம்பரங்களைக் கடந்துபோய்விடுங்கள். அந்தச் செலேஷன் ஊசியை அமெரிக்காவில் இரண்டு முறை பெரிதாகச் சோதித்தார்கள். 2013இல் வந்த முதல் ஆய்வு சிறு பலனைக் காட்டியது. அதை உறுதிப்படுத்த, மாரடைப்பு வந்த 1,000 சர்க்கரை நோயாளிகளிடம் நடத்திய இரண்டாவது ஆய்வில் 2024இல் பலன் எதுவும் தென்படவில்லை. நிலத்தை விற்று அந்த ஊசிக்குச் செலவழிக்க வேண்டாம்.

இவ்வளவும் நோய் தெரிந்தவர்களுக்கு. தமிழ்நாடு அரசு 2020இல் எடுத்த கணக்கில் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு. அவர்களில் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் மட்டுமே. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது இதனால்தான். வாசலுக்கு வரும் அந்தத் தன்னார்வலப் பெண்ணுக்கு உங்கள் அடுப்படி அலமாரியும் தெரியட்டும். "இந்தப் பொடியையும் சாப்பிடுறேன், தாயி" என்று டப்பாவைக் காட்டுங்கள். அவர் குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் சொன்னால், ஒரு ரத்தப் பரிசோதனையில் விஷயம் தெளிவாகிவிடும்.

நெஞ்சுவலி வந்தால் இந்த அத்தியாயத்தில் சொன்ன எதுவும் உதவாது. 'வாயுப் பிடிப்பு' என்று சோடா குடிப்பதும், பூண்டைத் தட்டிப் பாலில் போடுவதும், ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கவைப்பதும் ஒவ்வொன்றாக அரைமணி, ஒரு மணி என்று விழுங்கிவிடும். அடைபட்ட ரத்தக்குழாயின் கீழுள்ள இதயத்தசை அந்த நேரத்தில் செத்துக்கொண்டிருக்கும். நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாமல் வேர்த்துக்கொட்டுவது, பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வரும் மூச்சுத்திணறல், இவற்றில் எது வந்தாலும் 108ஐ அழையுங்கள். வண்டி தாமதமானால் பக்கத்திலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். 2023 ஜூனில் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் அங்கேயே முதலில் கொடுப்பதற்கு 14 மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நாலு, அடோர்வாஸ்டாடின் எட்டு. அதைக் கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். போகும்போது வீட்டிலிருக்கும் மாத்திரைச் சீட்டுகளையும் நாட்டு மருந்துப் பொட்டலங்களையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஏற்கெனவே எதையாவது எடுக்கிறாரா, வயிற்றுப்புண் உண்டா, பூண்டு மாத்திரை உண்டா என்று அவர்கள் கேட்பதற்கு அந்தப் பைதான் பதில் சொல்லும்.